ராக்காயி வீட்டு மீட்டர்

இலங்கை மலைநாட்டில், அட்டன் டவுனில் ஆடி மாதத்து மழைக்கு வெட்கம் கிடையாது. அடித்துப் பெய்து ஓய்ந்தாலாவது ஒரு முடிவு தெரியும். இது அப்படியும் செய்யாமல், இப்படியும் விடாமல், நாள் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும். ஐம்பத்து நாலாம் வருஷத்து ஆடியும் அந்த லட்சணத்தில்தான் இருந்தது. அந்தத் தூறலில் நனைந்துகொண்டு வேலை முடிந்து வந்த ராக்காயியின் கையில், வீட்டுக்காரர் லியனார்ட் ஒரு துண்டுக் காகிதத்தைக் கொடுத்தார். லைட்டுக் காசு, பதினோரு ரூபா அறுபது சதம்.

ராக்காயிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் இலக்கம் தெரியும். தோட்டத்தில் கொழுந்து பறித்த காலத்தில், கூடையை நிறுத்துக் குறிக்கிறபோது கணக்கப்பிள்ளை ஒரு ராத்தலைக் குறைத்து எழுதினால்கூடக் கண்டுபிடித்துவிடுகிறவள். காகிதத்தை ஒரு தடவை பார்த்தாள். தலைகீழாகப் பிடித்திருக்கிறோமோ என்று திருப்பியும் பார்த்தாள்.

"ஐயா, போன மூணு மாசமும் நாலு ரூவாதானே வந்துச்சு. வேற வீட்டுச் சீட்ட மாத்திக் குடுத்திட்டீங்களா?"

"மீட்டர் காட்டுறதத்தான் எழுதுறேன் ராக்காயி. நான் என்ன கையால போட்டுக் குடுக்கிறேனா?" என்றார் லியனார்ட். தபால் கந்தோரில் முப்பது வருஷம் இருந்து பென்ஷன் வாங்கியவர். கோட்டும் கழுத்துத் துணியும் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் இல்லை. தன் வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறைகளை இறக்கி, அறைக்கொரு மீட்டரை நடைச் சுவரில் பொருத்தி வாடகைக்கு விட்டிருந்தார். "மாசம் முடியிறதுக்குள்ள கட்டிரு. ஒன்னோட காசையும் சேத்து நான் லைட்டுக் கந்தோருல கட்டணும். கட்டாட்டி ஒன் அறைக்குப் போற வயரக் கழட்டி விடுறதத் தவிர எனக்கு வேற வழியில்ல."

ராக்காயிக்கு மாதச் சம்பளம் நாற்பது ரூபா. அறை வாடகை பன்னிரண்டு. பதினொன்று அறுபதை லைட்டுக்குக் கொடுத்தால் மிச்சத்தில் அரிசி, மா, புருஷன் மாயாண்டியின் மருந்து எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது. அது அவளுக்கு உடனே தெரிந்தது. லைட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றிவைத்துக்கொள்ளலாமே என்று யாரும் கேட்கலாம். அது முடியாது. அந்த ஒரு காரியம் முடியாமல்தான் அவள் பிறந்து வளர்ந்த தோட்டத்தையே விட்டு டவுனுக்கு வந்திருந்தாள்.

டயகமப் பக்கத்துத் தோட்டத்தில் மாயாண்டிக்கு ஸ்டோரில் வேலை. தோட்டத்தார் தேயிலைத் தொழிற்சாலையை அப்படித்தான் சொல்வார்கள். இருபத்தாறு வருஷம் மேல்தட்டில் பச்சைக் கொழுந்தைச் சாக்கு விரித்த தட்டுகளில் பரப்பி, கீழிருந்து வரும் சூட்டுக் காற்றில் வாட்டியவன். கொழுந்து எப்போது போதுமான அளவுக்கு வாடியது என்று கையில் ஒரு பிடி எடுத்து நசுக்கிப் பார்த்தே சொல்லிவிடுவான். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர்கூட அவனைக் கேட்டுத்தான் உருளையில் போடச் சொல்வார். அந்தத் தூசியும் சூடும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டன. நாற்பத்தெட்டு வயதில் பத்தடி நடந்தால் உட்கார வேண்டியிருந்தது. தோட்டத்து டாக்டரையா காதில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "புகை ஆகாது. புகையில படுத்தா இந்த மனுஷன் தங்கமாட்டான்" என்றார்.

லயத்தில் புகை இல்லாத இடத்துக்கு எங்கே போவது? ஒரே கூரைக்கடியில் பன்னிரண்டு ஒற்றையறை வீடுகள், காம்பராவுக்குக் காம்பரா சுவர் கூரை வரைக்கும் போகாது. உன் அடுப்பை அணைத்துவிடலாம், பக்கத்துக் காம்பரா அடுப்பை அணைக்க முடியுமா? ஒருத்தி விறகு வைத்தால் பன்னிரண்டு வீடும் இருமும். அதனால்தான் ராக்காயி கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, டவுனில் கன்னிமார் மடத்துப் பிள்ளைகள் விடுதியில் ஆயா வேலை தேடிக்கொண்டாள். லியனார்டின் அறையில் அடுப்பு கிடையாது. சமையல் வெளியே ஒரு தகரக் கொட்டகையில். அறைக்குள் புகை இல்லாத விளக்கு. தை மாதம் வந்த மாயாண்டி, சித்திரைக்குள் இரவு முழுக்கப் படுத்துத் தூங்கத் தொடங்கினான். அவன் படுத்துத் தூங்கி ராக்காயி பார்த்து நாலு வருஷம் ஆகியிருந்தது.

வயரைக் கழற்றினால் மண்ணெண்ணெய்ப் புகை. புகை வந்தால் அவன் மறுபடியும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு விடிய விடிய மூச்சு இழுப்பான். பதினொன்று அறுபது என்பது அவளுக்கு அதுதான்.

"நாம ஒரு பல்புதானே எரிக்கிறோம்? போயிக் கேளு புள்ள" என்றான் மாயாண்டி. "ஒரு பல்புக்குப் பதினோரு ரூவான்னா துரை பங்களாவுக்கு என்ன ஆகும்?"

அவளுக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. ஆனால் கேட்கப் போகுமுன் பக்கத்து அறையைப் பார்த்துவிட்டுப் போவோம் என்று நினைத்தாள். பக்கத்து அறையில் நாகலெட்சுமி. புருஷனுக்குப் பஸ்ஸில் டிக்கட் கிழிக்கிற வேலை. அதே அளவு அறை, அதே ஒரு பல்பு. அவள் தன் சீட்டை அரிசிப் பானைக்கு அடியிலிருந்து எடுத்து வந்து காட்டினாள். இரண்டு ரூபா பத்துச் சதம்.

"ரெண்டா?" என்றாள் ராக்காயி. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, ஒங்க பல்பு என்ன நம்பர்?"

பல்புக்கு நம்பர் இருக்கிறது என்பதே ராக்காயிக்கு அன்றுதான் தெரியும். இரண்டு பேருமாகப் போய் அண்ணாந்து பார்த்தார்கள். ராக்காயி வீட்டில் நூறு. முன்னால் குடியிருந்த தையல்காரன் விட்டுப் போனது. நாகலெட்சுமி வீட்டில் நாற்பது. "நூறுன்னா ரெண்டரைப் பங்கு தின்னும்னு எங்க அவரு சொல்லுவாரு. நாப்பது போதும்க்கா. கூடத் தெரியணும்னா கண்ணாடியத் தொடச்சு விடுங்க, அழுக்குப் புடிச்சாலே வெளிச்சம் பாதியாயிரும். பல்பக் கொஞ்சம் தாழ இறக்கிக் கட்டுங்க. சாப்பிட்டு முடிஞ்சதும் அணைச்சிருங்க." அந்தப் பெண்ணுக்கு இருபத்து மூன்று வயது. மின்சாரத்தைப் பற்றி அவள் பேசினதை நிறுத்த யாராலும் முடியவில்லை.

அடுத்த நாள் கடைத்தெருவில் ராக்காயி நாற்பது நம்பர் பல்பு ஒன்று வாங்கினாள். நூறைக் கழற்றி, "பத்திரமா வைங்க, தீவாளிக்குப் போட்டுக்கலாம்" என்று மாயாண்டி கையில் கொடுத்தாள். பல்பைத் தாழக் கட்டச் சொன்னபோது மட்டும் அவன் உற்சாகமாக எழுந்து, வயரை நீளமாக விட்டு, நடுவில் ஓர் ஆணியில் சுற்றி மாட்டினான். சாப்பிட்டதும் அணைத்தார்கள். இருட்டில் உட்கார்ந்து பேசினார்கள். பேச என்ன இருக்கிறது, தூங்கினார்கள். பதினொன்று அறுபதைக் கட்ட அவள் காதிலிருந்த கம்மல் அடகுக்குப் போனது.

ஆவணியில் சீட்டு வந்தது. ஒன்பது ரூபா நாற்பது.

ராக்காயிக்கு அழக்கூடத் தெம்பில்லை. காலை ஆறு மணிக்குப் போய் மாலை ஆறு மணிக்குத் திரும்புகிற உடம்பு. அறுபது பிள்ளைகளுக்குத் தலைவாரி, சோறு போட்டு, தட்டுக் கழுவி, துணி மடித்து வருகிறவள். வந்ததும் உடுத்தியிருந்த வெள்ளைச் சேலையைக் குழாயடியில் அலசிப் பிழிந்து அறைக்குள் கொடியில் போட வேண்டும். ஆயாமாருக்கு வெள்ளைச் சேலைதான். அவளிடம் இரண்டு இருந்தன. ஒன்று உடம்பில், ஒன்று கொடியில். மழை தொடங்கிய புதிதில் கொடியில் கிடந்தது காயாமல், ஈரத்தோடு சுற்றிக்கொண்டு போய், மடத்துத் தலைவி மதரிடம் பிள்ளைகள் முன்னால் வாங்கிக் கட்டிக்கொண்டாள். "முடை நாத்தத்தோட சாப்பாட்டுக் கூடத்துக்குள்ள வராதே. இன்னொரு தடவைன்னா வேற ஆள் பார்ப்பேன்." அன்றைக்கு வீட்டுக்கு வந்து மாயாண்டியிடம் சொல்லி அழுதாள். அதற்கப்புறம் எப்படியோ சேலை காயத் தொடங்கிவிட்டது. மாலையில் வரும்போது மடித்து வைத்திருப்பான். எப்படிக் காய்ந்தது என்று அவள் கேட்கவில்லை. காய்ந்ததே பெரிது என்று இருந்தாள். விடுதிப் பிள்ளைகள்தான், "ஆயா, ஒங்ககிட்ட தேயிலை வாசம் அடிக்குது" என்று மூக்கைச் சுளித்துச் சிரிக்கும். தோட்டத்து வாசம் தோலை விட்டுப் போகவில்லை போல என்று அவளும் சிரித்துவைப்பாள்.

ஒன்பது நாற்பதைப் பார்த்ததும் இதில் ஏதோ களவு இருக்கிறது என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது. அதே நம்பர் பல்பு, அதே அளவு நேரம். பக்கத்து வீட்டுக்கு இரண்டு ரூபா, தனக்கு ஒன்பது ரூபாவா? நடையில் எரிகிற லியனார்ட் வீட்டுப் பல்பு தன் மீட்டரில்தான் ஓடுகிறது என்று முடிவு கட்டினாள். நாகலெட்சுமியும் தலையாட்டினாள். "சக்கரத்தப் பாருங்கக்கா. மீட்டருக்குள்ள ஒரு சக்கரம் இருக்கு. ஒங்க வீட்டுல எல்லாத்தையும் அணைச்சிட்டுப் பாருங்க. அப்பவும் சுத்துச்சுன்னா களவுதான்."

ஞாயிற்றுக்கிழமை பல்பை அணைத்துவிட்டு நடையில் போய் நின்று பார்த்தாள். சக்கரம் அசையவில்லை. மாலையில் லியனார்ட் நடைப் பல்பைப் போட்டபோதும் பார்த்தாள். அசையவில்லை. "நம்ம நிக்கிறதத் தெரிஞ்சுக்கிட்டு நிப்பாட்டி வைக்கிறாரு" என்றாள் மாயாண்டியிடம். "செய்வாங்க புள்ள, செய்வாங்க. டவுன்காரங்க" என்றான் அவன், மனமார.

அடுத்த செவ்வாய்க்கிழமை விடுதிப் பிள்ளைகள் லீவுக்கு வீடுகளுக்குப் போனார்கள். படுக்கைகளை உதறி மடித்ததும் மதர் ஆயாமாரைப் பகலிலேயே போகச் சொல்லிவிட்டார். ராக்காயி நடைக்குள் நுழைந்தபோது மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. குடையை மடக்கிக்கொண்டே மீட்டரை ஒரு பார்வை பார்த்தாள்.

சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. விறுவிறு என்று சுற்றிக்கொண்டிருந்தது.

இத்தனை நாளும் அடக்கி வைத்ததெல்லாம் வெளியே வந்தது. "ஐயா! லியனார்ட் ஐயா! இங்க வாங்க! நாகலெட்சுமி, நீயும் வா! பட்டப்பகல் பன்னெண்டு மணி. என் வீட்டுல லைட்டு எரியிற நேரமா இது? யாரு வீட்டுக்கு ஓடுது என் கரண்டு? கம்மல அடகு வச்சுக் கட்டுனேனே, ஒங்களுக்கு அடுக்குமா?" தோட்டத்தில் மலைக்கு மலை கேட்கக் கூப்பிட்டுப் பழகிய குரல். எதிர்க்கடையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் தலையை நீட்டினார்கள்.

லியனார்ட் கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டு வந்தார். சக்கரத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கோபப்படவில்லை.

"ஒன் அறைக் கதவத் திற ராக்காயி."

அவள் தள்ளித் திறந்தாள்.

ஆணியில் சுற்றியிருந்த வயர் அவிழ்த்து விடப்பட்டிருந்தது. அது கீழே இறங்கி, ஒரு பழைய தேயிலைப் பெட்டிக்குள் போயிற்று. தோட்டத்திலிருந்து சட்டிபானையைக் கட்டிக் கொண்டுவந்த பெட்டி. உள்ளே ஈயத்தாள் ஒட்டியது. அதற்குள்ளே நூறு நம்பர் பல்பு எரிந்துகொண்டிருந்தது. பெட்டியின் வாயில் நாலு குச்சிகளைக் குறுக்கே வைத்து, அவளுடைய வெள்ளைச் சேலையை மடிப்பு மடிப்பாகப் பரப்பி, மாயாண்டி பக்கத்தில் குந்தியிருந்தான். ஓர் ஓரத்தை விரலுக்குள் வைத்து நசுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். அறை முழுக்கத் தேயிலை வாசம்.

வாசலில் மூன்று பேர் நிற்பதைக் கண்டு அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "இப்பதான் புள்ள திருப்பிப் போட்டேன்" என்றான். "இன்னும் அரைமணி நேரம் ஆகும். சூடு கூடுச்சுன்னா கரிஞ்சிரும். பைய பையத்தான் வாட்டணும்."

"பல்ப எரிச்சிருக்கீங்களே" என்றாள் ராக்காயி. 

"ஒரு பல்புதானே? நாப்பதக் கழட்டிட்டுத்தான் நூற மாட்டுனேன். ரெண்டையும் சேத்து ஒருநாளும் எரிக்கலையே. ராத்திரிக்குன்னு குடுத்த பல்பு பகல்ல சும்மாதானே தொங்குது?"

அவன் சொன்னது அவ்வளவும் நேர்மையாகத்தான் சொன்னான். தோட்டத்தில் ஸ்டோருக்கு அடுத்த லயத்தில் காம்பராவுக்கு ஒரு பல்பு கொடுத்திருந்தார்கள். பல்புக்கு மாதம் ஒன்றேகால் ரூபா என்று சம்பளத்தில் பிடிப்பார்கள். எரிந்தாலும் ஒன்றேகால், எரியாவிட்டாலும் ஒன்றேகால். ஸ்டோர் ஓடினால் எரியும், நின்றால் அணையும். ஸ்விட்சைத் தொட வேண்டிய தேவையே அங்கே யாருக்கும் இருந்ததில்லை. பல்புக்குத்தான் காசு, எரிவதற்குக் காசு இல்லை என்றுதான் அவன் இருபத்தாறு வருஷமும் வாழ்ந்தான். டவுனில் படுக்கும்போது அணைக்கச் சொன்னார்கள், அணைத்தான். மீட்டர் என்று ஒன்று சுவரில் இருந்துகொண்டு மணிக்கணக்காகத் தின்கிறது என்று அவனை உட்காரவைத்து யாரும் சொல்லவில்லை. ராக்காயி சொல்லியிருக்கலாம். அவளுக்கே கொஞ்ச நாளாகத்தான் தெரியும். தெரிந்த பிறகும், வீட்டுக்காரரைத் திட்டுவதற்கு நேரம் இருந்ததே தவிர இதைச் சொல்ல நேரம் இருக்கவில்லை.

லியனார்ட் கையை நீட்டி ஸ்விட்சை அணைத்தார். நாகலெட்சுமி நடையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "நின்னிருச்சு" என்றாள் மெதுவாக.

"ஐயா, மன்னிச்சிருங்க" என்றாள் ராக்காயி. வெட்கத்தில் அவளுக்குக் காது மடல் எரிந்தது.

"பரவாயில்ல. இந்த மாசக் காச அடுத்த மாசத்தோட சேத்துக் குடு" என்றார் அவர். போகும்போது வாசலில் நின்று மாயாண்டியிடம், "நல்லாத்தான் காய வைக்கிறே" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மனுஷரைக் களவாணி என்று நினைத்ததை ராக்காயியால் கடைசி வரைக்கும் மறக்க முடியவில்லை.

கதவைச் சாத்திக்கொண்டு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சக்கரம், நம்பர், மணிக்கணக்கு. மாயாண்டி தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். கம்மல் இல்லாத அவள் காதை அப்போதுதான் சரியாகப் பார்த்தான் போலிருக்கிறது. பெட்டியிலிருந்து பல்பை எடுத்துத் துடைத்து, பழைய துணியில் சுற்றி அவள் கையில் கொடுத்தான்.

"நீ அழுதுக்கிட்டு வந்தியே அன்னிக்கி. அதான் செஞ்சேன்."

"தெரியுதுங்க."

"அப்ப நாளையிலேர்ந்து பகல்ல நான் என்ன செய்யட்டும்?"

 வேலைக்காரனாக இருந்தவனைச் சும்மா உட்காரவைத்துவிட்டு, மருந்தையும் கஞ்சியையும் மட்டும் கொடுத்து வந்திருக்கிறோம் என்று ராக்காயிக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த இரண்டு மாதமும் அவனுக்கு இழுப்பு வராததற்குப் புகை இல்லாதது மட்டுமா காரணம் என்று யோசித்தாள்.

"காத்துல காய வைங்க" என்றாள். "நல்லா முறுக்கிப் புழிஞ்சு ஜன்னலுக்கிட்டப் போட்டு, அடிக்கடி திருப்பிப் போடுங்க. ஒங்களுக்குத்தானே அந்தக் கைப்பக்குவம் தெரியும்? பல்பில்லாமலே காஞ்சிரும்."

காயாது என்று அவளுக்குத் தெரியும். ஒருவேளை அவனுக்கும் தெரிந்திருக்கலாம். ஆனால் மறுநாளிலிருந்து அவன் ஜன்னலோரம் கொடியை இரட்டையாகக் கட்டி, சேலையை விரித்து, மணிக்கு நாலு தடவை திருப்பினான். இரண்டு உலர்ந்த துண்டுகளுக்கு நடுவில் வைத்துச் சுருட்டி மிதித்தான். மாலையில் அவள் வந்ததும் நடைக்கே வந்து, "இன்னிக்கி சக்கரம் ஒரு சுத்துகூடச் சுத்தல. நான் பாத்துக்கிட்டே இருந்தேன்" என்பான். ஐப்பசிச் சீட்டு இரண்டு ரூபா ஐந்து சதம். நாகலெட்சுமி வீட்டைவிட ஐந்து சதம் குறைவு. அந்தச் சீட்டை அவன் சாமி படத்துக்குப் பக்கத்தில் சொருகி வைத்தான்.

காலையில் அவள் உடுத்தும்போது பக்கத்தில் வந்து நிற்பான்.

"காஞ்சிருக்கா புள்ள?"

"மொறுமொறுன்னு காஞ்சிருக்குங்க" என்பாள் ராக்காயி. இடுப்பில் சொருகிய கொசுவம் குளிர்ந்து வயிற்றில் ஒட்டும்.

அந்த மழைக்காலம் முடியும் வரைக்கும் அவள் ஆறு மணிக்குப் பதிலாக ஐந்தரைக்கே கிளம்பினாள். மதர் பூசை முடிந்து வருவதற்குள் மடத்துச் சமையற்கட்டில் பெரிய அடுப்புக்கு முன்னால் நின்று, முந்தானையையும் கொசுவத்தையும் விரித்துப் பிடித்து, திரும்பித் திரும்பி நின்று சேலையைக் காய வைத்துக்கொள்வாள். நின்றபடியே கண் சொருகும். லீவு முடிந்து வந்த பிள்ளைகள், "ஆயா, இப்பப் பொகை வாசம் அடிக்குது" என்றன.

அதுதான் அவளுக்குக் கவலை. மாலையில் வீட்டுக்கு வந்தால் நேரே அறைக்குள் போகமாட்டாள். குழாயடித் தட்டிக்குப் பின்னால் பழைய சேலைக்கு மாறிக்கொண்டு, புகை போகுமட்டும் வெள்ளைச் சேலையை இரண்டு தடவை அலசிப் பிழிவாள். அப்புறம்தான் அதைக் கொண்டுபோய் மாயாண்டி கையில் கொடுப்பாள், நாளைக்குக் காய வைக்க.